களறிக் கறிக்கு ஜோடி... கட்டன் சாயா!

காயல்பட்டினத்துக் கல்யாண வீட்டுக்கு அழைப்பு வந்தால், காலைப் பலகாரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம். அங்கே காத்திருப்பது களறிச் சாப்பாடு. பாய் விரித்து, 'சஹன்' என்னும் பெரிய தட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து, ஒரே தட்டத்தில் கை நனைக்கும் விருந்து. நெய் மணக்கும் சோறு, பெரிய பாத்திரத்தில் மசாலாவோடு வெந்து குழைந்த ஆட்டுக்கறி, புளிப்பு ஏறிய கத்தரிக்காய் என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும். கடைசியில் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலாப்பம் வேறு!

முதல் கவளம் சொர்க்கம். ஐந்தாவது கவளமும் பரவாயில்லை. பத்தாவது கவளத்தில் ஒரு சங்கடம் தொடங்கும். விரலில் நெய், உதட்டில் நெய், நாக்கின் மேல் மெல்லிய கொழுப்புப் படலம். கறி அதே கறிதான், ருசி மட்டும் மங்கிவிடும். தண்ணீர் குடித்தால் படலம் போகாது. குளிர்பானம் குடித்தால் வயிறு நிறையும், நாக்கு அப்படியே இருக்கும்.

இந்தச் சங்கடம் உலகம் முழுக்க உண்டு. கொழுத்த இறைச்சி சாப்பிடும் பல நாடுகளில் அதற்கு வைத்திருக்கும் மருந்து, இனிப்பில்லாத கெட்டியான சிவப்பு ஒயின். காயல்பட்டினத்திலோ அதற்கு இடமே இல்லை. மதுக்கடை இல்லாத ஊர் என்பது அந்த ஊர்க்காரர்களின் பெருமை. ஆனால், அந்த ஒயின் செய்யும் வேலையை ஒரு சொட்டு மது இல்லாமலே செய்துமுடிக்கும் ஒரு பானம் நம் வீட்டு அடுப்பிலேயே இருக்கிறது. பாலும் சர்க்கரையும் சேர்க்காத தேத்தண்ணீர். நெல்லைச் சீமையிலும் குமரியிலும் கட்டன் சாயா. மலபார் பக்கம் போனால் சுலைமானி.

மது குடித்தால் ஜாமீன் கிடையாது!

தாமிரபரணி கடலில் கலக்கும் இந்தக் கரைக்கு ஒயின் புதிதல்ல. கொற்கையை ஆண்ட பாண்டியர் காலத்திலேயே யவனர்கள் கப்பலில் மது கொண்டுவந்திருக்கிறார்கள். பாண்டியன் நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூற்று 56-ம் பாட்டில் அந்த யவன மது வருகிறது.

கொற்கைத் துறை தூர்ந்துபோக, காயல் துறை எழுந்தது. முத்தும் அரபுக் குதிரைகளும் கைமாறிய அந்தத் துறைமுகத்தைப் பற்றி 13-ம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். பாண்டியக் கரை மக்களைப் பற்றி அவர் சொல்லும் ஒரு சேதி சுவையானது. மது குடிப்பவரையும் கடலோடியையும் இங்கே ஜாமீனுக்கு ஏற்பதில்லையாம்! கடலோடிகள் இந்தக் கரையை வளமாக்கி, அந்தப் பழியைத் தீர்த்துவிட்டார்கள். மது விஷயத்தில் மட்டும் காயல்பட்டினம் அன்று போலவே இன்றும் கறார்.

வேலை செய்வது எது?

ஒயின் கடைகளில் 'ட்ரை' என்று ஒரு சொல் அடிபடும். காய்ந்தது என்று அர்த்தமில்லை. திராட்சையின் சர்க்கரை முழுக்க நொதித்து, இனிப்பு மிஞ்சாமல் போனது என்று பொருள். காபர்நே சாவின்யோன், ஷிராஸ் போன்ற கறுப்புத் திராட்சைகளிலிருந்து வரும் கெட்டியான ஒயின் குடிப்பவருக்கு நாக்கும் ஈறும் இழுத்துப் பிடித்தது போல இருக்கும். அதற்குக் காரணம் ஆல்கஹால் அல்ல, டானின். திராட்சையின் தோலிலும் விதையிலும், ஒயினை ஊறவைக்கும் ஓக் மரப் பீப்பாயிலும் இருக்கும் துவர்ப்புச் சத்து அது.

துவர்ப்பு என்றதும் நமக்குப் புரிந்துவிடும். வாழைப்பூ, நாவல்பழம், மாதுளைத் தோல், கடுக்காய், பாக்கு என்று துவர்ப்பை நாம் பிள்ளைப் பருவத்திலிருந்தே அறிவோம். அறுசுவையில் அதற்குத் தனி இடமே கொடுத்திருக்கிறோம். இன்றைய அறிவியல் அதைச் சுவை என்பதைவிடத் தொடுஉணர்வு என்றே சொல்லும். எச்சிலில் உள்ள புரதங்கள்தான் வாயை வழவழப்பாக வைத்திருக்கின்றன. டானின் அந்தப் புரதங்களைப் பிடித்துத் திரட்டிவிடுகிறது. வழவழப்பு போய், வாய் சொரசொரப்பாகிறது.

கொழுப்பு செய்வது இதற்கு நேர் எதிர். அது வாயை அளவுக்கு மீறி வழுக்க வைக்கிறது. ஒன்று வழுக்குகிறது, இன்னொன்று இழுத்துப் பிடிக்கிறது. இரண்டும் மாறி மாறி வந்தால் வாய் நடுநிலைக்குத் திரும்பும்.

2012-ல் 'கரண்ட் பயாலஜி' என்ற ஆய்விதழில் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்து எழுதினார்கள். திராட்சை விதைச் சாறு, பச்சைத் தேயிலையின் துவர்ப்புப் பொருள் போன்றவற்றை மிக மென்மையாகக் கரைத்து, மிடறு மிடறாகக் கொடுத்தார்கள். ஒரு மிடறில் ஒன்றும் தெரியவில்லை. மிடறு கூடக் கூடத் துவர்ப்பும் ஏறிக்கொண்டே போனது. கொழுப்பான பதப்படுத்திய இறைச்சியைத் தின்றுகொண்டே இடையிடையே தேநீர் குடித்தபோது, வாயின் கொழகொழப்பு தண்ணீர் குடித்ததைவிட நன்றாகக் குறைந்தது.

ஆக, கறிக்கும் சிவப்பு ஒயினுக்கும் உள்ள பொருத்தத்தின் ரகசியம் துவர்ப்பு. அது தேயிலையிலும் தாராளமாக உண்டு. நம் பாட்டிமார்கள் களறிக் கறிக்குப் பக்கத்தில் புளிப்புக் கத்தரிக்காயை வைத்ததும் இதே சமநிலையைத் தேடித்தான். புளி ஒரு பக்கம் வெட்டும், துவர்ப்பு மறுபக்கம் துடைக்கும்.

பால் சேர்த்த டீக்கு ஏன் இந்தச் சக்தி இல்லை? பாலில் உள்ள கேசீன் என்ற புரதம், எச்சிலுக்கு முன்னால் முந்திக்கொண்டு டானினைப் பிடித்துக்கொள்கிறது. நாக்குக்கு வருவது பல் பிடுங்கிய பாம்பு!

மலையில் தொடங்கி முகத்துவாரம் வரை

காயல்பட்டினத்துக்கும் தேயிலைக்கும் இரண்டு திசையில் உறவு. ஒன்று கடல் வழி. ரத்தினக் கல் வியாபாரத்துக்கும் கடை நடத்தவும் காயல்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழும்புக்குப் போய் வந்தவர்கள். அதே கடலைத் தாண்டி வேறு தமிழர்களும் போனார்கள். 1867-ல் கண்டிக்குப் பக்கம் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைத் தோட்டம் போட்டார். நோய் தாக்கிக் காப்பிச் செடிகள் அழிந்தபோது, இலங்கை மலைகள் தேயிலைக்கு மாறின. அந்தக் கொழுந்தைக் கிள்ளியவை பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து போன கைகள். தலைமன்னார் வழி 1914-ல் திறக்கும் முன்பு, சென்னையிலிருந்து ரயிலில் வருவோர் தூத்துக்குடியில்தான் கொழும்புக் கப்பல் ஏறினார்கள்.

இன்னொன்று ஆற்று வழி. தாமிரபரணியோடு சேரும் மணிமுத்தாறு பிறக்கும் மலையில், மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலைத் தோட்டங்கள் இருந்தன. சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929-ல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த நிலம் அது. 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடந்து, 17 பேர் தாமிரபரணிக் கரையில் உயிரிழந்தார்கள். குத்தகை முடியும் முன்பே, 2024-ல் தோட்ட வேலை நிறுத்தப்பட்டது. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த குடும்பங்கள் மலையை விட்டு இறங்க வேண்டிய நிலை வந்தது.

ஆற்றின் தலைமாட்டில் விளைந்த தேயிலை இனி ஆற்றின் கால்மாட்டு ஊர்களுக்கு வராது. நீலகிரித் தேயிலையோ, கொழும்பிலிருந்து உறவினர் கொண்டுவரும் தேயிலையோதான் கதி. அதனால்தான் கையில் இருப்பதை வீணாக்காமல் போட்டு, ருசி பார்த்துக் குடிப்பது இன்னும் அவசியம் ஆகிறது.

சரியாகப் போடுவது எப்படி?

நம் வீடுகளில் கட்டன் சாயா கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால். தூளைப் போட்டுக் கொதிக்க கொதிக்க விட்டுவிடுகிறோம். மணம் ஆவியாகப் போய், கசப்பு மட்டும் மிஞ்சும்.

* தண்ணீர் முக்கியம். உப்பும் கடினத்தன்மையும் கூடிய போர்வெல் தண்ணீரில் தேநீரின் மேல் மங்கலான ஆடை படியும். ஆற்றுத் தண்ணீர் வரும் குழாயில் பிடித்ததே நல்லது.

* ஒரு டம்ளருக்கு, அதாவது 200 மில்லிக்கு, 3 முதல் 4 கிராம் தேயிலை. சின்னக் கரண்டியால் தலை தட்டி ஒன்றரை, இரண்டு.

* தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, தேயிலையைப் போட்டு மூடிவையுங்கள். மணி மணியான தூளுக்கு 2 முதல் 3 நிமிடம் போதும். இலையாக இருக்கும் தேயிலைக்கு 4 நிமிடம். பிறகு உடனே வடித்துவிட வேண்டும்.

* தூள் கலப்படமா என்று பார்க்க, உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் எளிய சோதனை ஒன்று உண்டு. வடிதாளில் கொஞ்சம் தேயிலையைப் பரப்பித் தண்ணீர் தெளியுங்கள். சற்றுப் பொறுத்துத் தேயிலையைத் தட்டிவிட்டு, தாளைக் குழாயில் அலசி வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல தேயிலை என்றால் கறை இருக்காது. சாயம் கலந்தது என்றால் தாள் காட்டிக்கொடுத்துவிடும்.

நாலு படியில் ருசி

தேயிலை ஏல மையங்களில் ருசி பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு உலகத் தர அளவே உண்டு. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிட ஊறல். அது குறையைக் கண்டுபிடிப்பதற்கான கடுமை, குடிப்பதற்கு அல்ல. ஆனால் அவர்கள் பார்க்கும் முறையை வீட்டிலும் செய்யலாம்.

முதலில் நிறம். வெள்ளைக் கோப்பையில் ஊற்றிப் பாருங்கள். செம்பு போலப் பளிச்சென்று இருந்தால் நல்ல அறிகுறி.

அடுத்து மணம். வடித்த சக்கையையும் முகர்ந்து பாருங்கள். வறுத்த வாசனை, பூ வாசனை, ஈரப் பச்சிலை வாசனை என்று ஒவ்வொரு தேயிலைக்கும் ஒரு முகவரி உண்டு.

மூன்றாவது உறிஞ்சல். சத்தம் வரும்படி, காற்றோடு சேர்த்து உறிஞ்ச வேண்டும். வீட்டில் யாராவது திட்டினால், தொழில்முறை நிபுணர்களும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். வாய்க்குள் போன காற்று மணத்தை மூக்கின் பின்புறம் கொண்டுசேர்க்கும்.

கடைசியாகக் காத்திருத்தல். விழுங்கிய பின் ஈறும் கன்னத்தின் உட்புறமும் எப்படி இருக்கின்றன என்று கவனியுங்கள். முதல் மிடறை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. துவர்ப்பு ஏறிக்கொண்டே போவது என்பதால் மூன்றாவது மிடறுதான் உண்மை பேசும். வாய் சுத்தமாகி, அடுத்த கவளத்துக்கு ஆசை வந்தால் அது சரியான கெட்டி. நாக்கு வறண்டு முகம் சுளித்தால் ஊறல் கூடிவிட்டது என்று அர்த்தம்.

எதற்கு எது பொருந்தும்?

களறிக் கறி, நெய்ச்சோறு: பானமும் உணவும் ஒரே எடையில் இருக்க வேண்டும் என்பது ஒயின்காரர்களின் முதல் விதி. கெட்டியான கறிக்குக் கெட்டியான தேநீர். இலங்கையின் தாழ்நிலப் பகுதியான காலி, மாத்தறைப் பக்கத்துத் தேயிலை கறுத்து, அழுத்தமாக இருக்கும். நீலகிரியின் மணித் தூளும் பொருந்தும். சர்க்கரை வேண்டாம். சின்னக் கோப்பையில், வெதுவெதுப்பாக, நாலு கவளத்துக்கு ஒரு மிடறு.

பொரித்த மீன்: சீலாவும் நெய்மீனும் வறுபடும் ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது. மீனோடு சிவப்பு ஒயின் சேராது என்பார்கள். 2009-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் காரணத்தைக் கண்டார்கள். ஒயினில் கரைந்திருக்கும் இரும்புதான் மீனின் கவிச்சியைக் கிளப்பிவிடுகிறது. தேநீரிலும் மீனுக்கு அடக்கி வாசிப்பதே அழகு. மெல்லிய நீலகிரி இலைத் தேயிலை, இரண்டு நிமிட ஊறல், எலுமிச்சை நாலு சொட்டு. எலுமிச்சை பட்டதும் நிறம் வெளுக்கும். பயப்பட வேண்டாம், அது புளிப்பின் வேலை.

வாடா: காயல் மாலைப் பொழுதுகளின் எண்ணெய்ப் பலகாரம். நடுத்தரக் கெட்டியில், ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போட்ட சாயா இதற்குச் சரியான ஜோடி.

வட்டிலாப்பம்: இனிப்போடு ஒயின் என்றால், பானம் இனிப்பைவிட இனிப்பாக இருக்க வேண்டும் என்பார்கள். இல்லாவிட்டால் ஒயின் புளித்துப்போனது போலத் தெரியும். தேநீருக்கு அந்த நிபந்தனை இல்லை. சர்க்கரை போடாத கடுஞ்சாயா, வட்டிலாப்பத்தின் தித்திப்பையும் முட்டை, தேங்காய்ப்பால் கொழுப்பையும் ஒரே மிடறில் சமன் செய்துவிடும். இலங்கையில் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந் தேநீர் குடிப்பதும் இதே கணக்கு. பக்கத்திலேயே உடன்குடிக் கருப்பட்டி கிடைக்கும் ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை!

மிளகாய்க் காரம்: இங்கே மட்டும் ஜோடி சேராது. சூடான, துவர்ப்பான பானம் எரிச்சலைக் கூட்டும். காரமான குழம்பென்றால் மோரோ தயிரோ போதும். துவர்ப்பு கொழுப்புக்குத்தான், காரத்துக்கு அல்ல.

சாப்பாட்டோடு குடிக்கலாமா?

இங்கேதான் ருசியும் உடம்பும் கொஞ்சம் மோதிக்கொள்கின்றன. எச்சில் புரதத்தைப் பிடிக்கும் அதே டானின், உணவில் உள்ள இரும்புச்சத்தையும் பிடித்துக்கொள்ளும். கீரை, பருப்பு, தானியங்களில் இருக்கும் இரும்பு இதனால் உடம்பில் சேராமல் போகும். ஆட்டிறைச்சியில் உள்ள இரும்புக்குப் பாதிப்பு குறைவு.

இது சின்ன விஷயம் அல்ல. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. அதாவது, விருந்தில் பெண்கள் பக்கத்துச் சஹனைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் இரண்டில் ஒருவருக்கு! இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் டீ, காபியைத் தவிர்க்கச் சொல்கிறது. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கஃபீனுக்கு மேல் வேண்டாம் என்பதும் அதன் அறிவுரை. ஒரு கோப்பை டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் இருக்கும்.

அப்படியானால் என்ன செய்வது? தினசரிச் சாப்பாட்டோடு கட்டன் சாயா வேண்டாம். கர்ப்பிணிகள், வயதுக்கு வந்த பெண் பிள்ளைகள், ரத்தசோகைக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் விருந்து நாளிலும் ஒரு மணி நேரம் பொறுத்தே குடிக்க வேண்டும். அவர்களுக்குச் சாப்பாட்டின்போது எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீர் நல்லது. அதிலுள்ள வைட்டமின் சி, இரும்பு உடம்பில் சேர உதவும். மற்றவர்கள் எப்போதாவது வரும் களறி நாளில் ஒரு சின்னக் கோப்பையை அனுபவிக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. விருந்து முடிந்ததும் துவர்ப்புக்காகவே வெற்றிலை பாக்கைத் தேடுவது நம் பழக்கம். பக்கத்து ஆத்தூர் வெற்றிலை புவிசார் குறியீடு வாங்கிய வெற்றிலை. ஆனால் பாக்கு, புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்திருக்கிறது. நாக்கு கேட்பது துவர்ப்பைத்தான் என்றால், பாக்குக்குப் பதில் ஒரு வாய்த் தேத்தண்ணீர் கொடுத்துப் பார்க்கலாமே? அதையும் கொதிக்கக் கொதிக்கக் குடிக்க வேண்டாம். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்க்கு நல்லதல்ல என்பதும் அதே முகமையின் எச்சரிக்கை.

அடுத்த முறை வீட்டில் பிரியாணியோ களறிக் கறியோ மணக்கும்போது, பால் பாக்கெட்டையும் சர்க்கரை டப்பாவையும் அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். தண்ணீர் கொதித்ததும் தேயிலையைப் போட்டு மூடி, மூன்று நிமிடம் பொறுங்கள். ஒரு கவளம், ஒரு மிடறு. அடுத்த கவளத்தில் கறியின் ருசி முதல் கவளம் போலவே திரும்பி வருகிறதா என்று பாருங்கள். வந்தால், சஹனில் பக்கத்தில் இருப்பவருக்கும் ஒரு கோப்பை நீட்டுங்கள்!